சிவக்காத எச்சில்

அன்பு மகள் கோனியோவுக்கு,

போரேபடாவிலிருந்து அம்மா எழுதுவது. தாடை ஒன்றைத் தவிர நான் நலம், அப்பா நலம், உன் தம்பி வாகிக்குக் கால் தரையில் படவில்லை, அவ்வளவு நலம். கடல் தாண்டி கெய்ர்ன்ஸில் நீயும் மருமகனும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் கடலுக்குள் கால் நட்டு நிற்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்கும், அதோடு நாலு வார்த்தை சேர்த்துப் பேசினாலே காதுக்கு முன்னால் சுருக்கென்று பிடிக்கிறது. போதகரின் தங்கை அங்கே வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தலைவலிக்குக் கண்ணாடியை மாற்றச் சொன்னாயே, கண்ணில் கோளாறு இல்லையாம். நகரத்துப் பல் மருத்துவர் என் கன்னத்தில் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னாள், டக்கென்ற சத்தம் அவளுக்கே கேட்டது. தாடை மூட்டுதான் காரணம், அந்த வலிதான் நெற்றிப்பொட்டுக்கு ஏறுகிறது என்றாள். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடு, மசித்த வாழைக்காய் மாதிரி மெத்தென்று சாப்பிடு, கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள், உதடு மூடியிருந்தாலும் பல்லோடு பல் ஒட்டக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே பாக்கு கூடாது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதுவும் வலித்தது. பாக்கு மெல்லாமல் நம் ஊரில் யார் வீட்டுப் படியேறுவது? ஆனாலும் விட்டேன், தலைவலி பாதி குறையவும் செய்தது.

அப்புறம்தான் வாகிக்கு பிலோமினாவைப் பெண் கேட்டு உள்நாட்டு மெக்கேயோ பக்கம் போனோம். அவளை வளர்த்த அத்தை அகாதா தன் தோட்டத்துப் பாக்கை உரித்து என் கையில் வைத்தாள். அதை வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்றதாகிவிடும். நான் பெரிய புத்திசாலி, அதைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சும்மா வாயை அசைத்தேன். எல்லாரும் துப்பும்போது நானும் துப்பித் தொலைத்தேன், வெள்ளையாக விழுந்தது. அகாதா பார்த்துவிட்டாள். "என்ன சம்பந்தி, எங்க பாக்கு உன் வாயில மட்டும் சிவக்க மாட்டேங்குது? கடக்கரைக்காரிக்கு எங்க மண்ணு கசக்குதோ?" என்றாள். தாடை வலி என்று சொல்லிப் பார்த்தேன். "ஒம்போது பிள்ள பெத்தவகிட்டயா வலியப் பத்திப் பேசுற? சாக்கு சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லு சம்பந்தி" என்றாள். பிலோமினாவின் அப்பா சுண்ணாம்புக் குப்பியை மூடிவிட்டார். "அம்மா, என்னம்மா பண்ற" என்று வாகி என் காதோரம் கேட்டான், அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மென்றேன். சுண்ணாம்பு தொட்டு எல்லார் கண் முன்னாலும் மென்று சிவக்கத் துப்பினேன். அகாதா என்னைக் கட்டிக்கொண்டாள், கல்யாண நாளும் குறித்தாயிற்று. திரும்பி வருகிற வழியில் வண்டியிலேயே தாடை பூட்டிக்கொண்டது. இப்போது ஒரு விரல்தான் வாய்க்குள் நுழைகிறது. கல்யாணம் வரைக்கும் பெண் வீட்டுச் சொந்தம் ஒவ்வொன்றும் பாக்கோடு வரும், ஒருத்தரிடம் வாங்கிக்கொண்டு இன்னொருத்தரிடம் மறுக்க முடியுமா? அம்மா விளையாட்டுக்குத்தான் மெல்லாமல் ஏமாற்றினாள், தாடை வலி என்றதும் சாக்குதான் என்று வாகி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். உண்மை தெரிந்தால் கல்யாணத்தையே தள்ளிப்போடுவான். அதனால் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் தூக்கத்தில் கடிக்கிறேன் போலிருக்கிறது, காலையில் பல்வரிசை முழுக்க வலிக்கிறது. பயமாக இருக்கிறது மகளே, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

வேலை விட்டு வந்து பேசும்போது நீயும் பல்லை இறுக்கிக்கொண்டுதான் பேசுகிறாய், கவனித்திருக்கிறேன். இந்த வலி உனக்கு வர வேண்டாம். தூங்கும்போது பல்லுக்கு மாட்டுகிற உறை அங்கே கிடைத்தால் அனுப்பு, பெட்டிமேல் என்னவென்று எழுதாதே. நீங்கள் இருவரும் நன்றாயிருங்கள், கடவுள் உங்களைக் கைவிடமாட்டார்.

ஒன்று மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் இங்கே வருகிறார்கள். நீ வீடியோவில் கூப்பிடும்போது, அம்மா ஏன் சிரிக்கவே இல்லை என்று அவர்கள் முன்னால் கேட்டுவிடாதே.

உன் அம்மா,
கேயுவா