கடலிலிருந்து வந்த பெயர்

கப்பலில் இருப்பவனுக்கு,

மகளின் படம் இத்துடன். இதிலும் தூங்குகிறாள்.

மரவள்ளி ரொட்டி சுடும்போதெல்லாம் உன் அக்கா இர்மினா என்னைப் பிடித்துக்கொள்கிறாள். "ஏன்டி, அப்பன்காரன் பேரு சொல்லி அனுப்பியாச்சு. இன்னும் என்ன பாப்பா, பாப்பான்னுட்டு?"

"அது அவரு வேலை பாக்குற கப்பலோட பேரு, அண்ணி!"

"இருக்கட்டுமே, பெரிய கப்பல்தானே!" என்று சிரிக்கிறாள்.

இன்று மழை விட்டதும் இவளை மடியில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்திருந்தேன். வடக்கே மரி-கலாந்த் தீவு மேகம்போல மிதந்தது. கொலம்பஸ் நம் தீவைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கிழமையையே பெயராக்கி, டொமினிகா என்றான். கப்பலை நிறுத்த வாகான இடம் கிடைக்காமல், இறங்காமலே போனான். மரி-கலாந்துக்குத் தன் கப்பலின் பெயரையே வைத்தான். அவனுக்கு முன்பே இந்த மலைகளில் ஏறி மூச்சு வாங்கிய நம் ஆட்கள்தான் நம் தீவை 'வைதுகுபுலி' என்றார்கள். நெடிய உடம்புக்காரி.

இவளும் நெடியவள்தான். காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது. படத்தில் தெரியாது.

போன மாதம் உன் கப்பல் இங்கே நம் ரோசோ துறைமுகத்தில் ஒரு பகல் முழுக்க நின்றதாம். மீன்காரர் சொன்னார். வேலை அதிகமாக இருந்திருக்கும்.

இவளுக்கு நான் பெயர் வைத்துவிட்டேன். தூங்கும்போது மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், தூக்கத்திலேயே சிரிக்கிறாள். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். இறங்கி வா. இவளைத் தூக்கிக்கொள். அப்புறம் கேள், சொல்கிறேன்.

கரையில் இருப்பவள்