மேக்குக்கு ஒரு தப்பு வரி

ஜனவரி 6, திங்கள்
நெல் ஆலைகளுக்கான எங்கள் மென்பொருளில் ஒரு சின்னத் திருத்தம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் கும்பகோணத்தில் என் கணினியிலேயே பில்டு செய்து ஓட்டிப் பார்த்துவிடுவேன். மேக் கணினி இருப்பது நாகப்பட்டினத்தில், என்னோடு இதை எழுதிய தியாகுவிடம் மட்டும். அனுப்பினேன். "ஓடுது" என்று பதில். பிரிந்து ஐந்து மாதம் ஆகிறது. எங்களுக்குள் மிச்சம் இந்த ஒரு சொல்தான்.

ஜனவரி 9
மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் என்று அப்பாவிடம் சொல்ல, 'இன்னும் ஒரு வருஷம்' என்று அவனிடம் மூன்று முறை தவணை கேட்டவள் நான். "உனக்கே சொல்ல வாய் வரல வித்யா, உங்கப்பாவை ஏன் குத்தம் சொல்றே?" என்றான் கடைசியில். பாவி, சரியாகத்தான் சொன்னான்.

ஜனவரி 20
முதலாளி ரகுராமன் சார் கூப்பிட்டார். "மூணு சிஸ்டத்துக்கு மூணு செட்டிங்ஸ் ஃபைல் எதுக்கும்மா? ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுல விட்டுப்போகுது. பொதுவானதை ஒரே ஃபைல்ல போடுங்க, வித்தியாசத்தை மட்டும் தனியா வைங்க. வாடகை சர்வர்ல மேக்குக்கும் தானா பில்டு ஆயிடும். சம்பா அறுப்பு ஆரம்பிச்சாச்சு. தியாகுவை இனிமே தொந்தரவு பண்ண வேண்டாம்."

தொந்தரவா?

ஜனவரி 22
இருநூற்றுப் பதினெட்டு வரி எண்பதாகிவிட்டது. பாதிக்கு மேல் ஒரே வரிதான், மூன்று இடத்தில். அவன் எழுதிவைத்த குறிப்புகளையும் அழிக்க வேண்டியிருந்தது. அழுதேன்.

ஜனவரி 24
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மேக்குக்கான ஒரு வரியில், மென்பொருள் தேடிப் போகும் லைப்ரரி ஃபைல் இருக்கும் இடத்தை வேண்டுமென்றே தப்பாக விட்டேன். சர்வரில் பில்டு அங்கே நின்றுவிடும். அவனைத்தான் கேட்டாக வேண்டும். முப்பத்தோரு வயதுப் பொம்பளை செய்கிற காரியமா இது?

ஜனவரி 27
நின்றது. அவனுக்கு அனுப்பினேன்.

ஜனவரி 28
பதில் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்க்கிறேன் —

ஜனவரி 29
தெரியாத எண்ணிலிருந்து போன். "அக்கா, நான் பூமிகா. தியாகுவுக்கு நிச்சயம் பண்ணியிருக்கற பொண்ணு. மேக்கை அவங்க எனக்குக் குடுத்துட்டாங்க, நீங்க அனுப்பினதை நான்தான் ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் தப்பு, அக்கா. உங்க வேலைல தப்பே இருக்காதுன்னு அவங்க சொல்வாங்க. அதான் ரெண்டு நாளா என் பக்கமே தேடிட்டிருந்தேன்."

நல்ல பெண். தேங்க்ஸ் சொன்னேன். வாழ்த்துச் சொல்ல வரவில்லை.

ஜனவரி 30
வரியைத் திருத்தினேன். மூன்றுக்கும் தானாகவே பில்டு முடிந்தது. யாருக்கும் அனுப்பவில்லை.

சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா வித்யா? நானே நாகப்பட்டினம் போய்ப் பேசியிருப்பேனே" என்றார்.