உன் கேள்வியும் என் வாயும்

என் அன்பு மச்சான் பஸ்தியானுக்கு,

நீ போய் இந்த மாசியோடு இரண்டு வருஷம் முடிகிறது. மஹியாவைக் கல்லறைக்கு உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ரோசலின் கூடவே வருகிறாள். அவள் பக்கத்தில் முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது உன்னோடு தனியாக எதைப் பேசுவது? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நீ போன பிறகு நானும் உன் வீட்டோடு வந்துவிட்டேன். ரோசலின் நன்றாக இருக்கிறாள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். "வீட்டுல சும்மா இருந்தா அவர் இருமுற சத்தம் கேக்குற மாதிரியே இருக்குண்ணே" என்று சொல்லித்தான் போகத் தொடங்கினாள். இப்போது அவளே வாசலில் நின்று, நேரமாகிவிட்டது என்று என்னை விரட்டுகிறாள். உன் மகள் பிலோ உயரத்தில் என் தோளைத் தாண்டிவிட்டாள். வாதாடுவதில் உன்னைத் தாண்டிவிட்டாள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வகுப்பில் நான் முதலாவது, நீ இரண்டாவது. சட்டம் படிக்கக் கொழும்புக்குப் போவோம், பிரக்கிராசிமாராகத் திரும்பி வருவோம், ஒரே பலகையில் இரண்டு பேர் பெயரையும் எழுதி மாட்டுவோம் என்று ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பேசினோம். பள்ளிப் படிப்பு முடிந்த அந்த வருஷ மாரியில் அப்பா செத்துப் போனார். அம்மாவும் சின்னப் பிள்ளையாக ரோசலினும் என் கையைப் பார்த்து நின்றார்கள். நீ ரயில் ஏறின அன்று உன் பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை வழக்கு நடக்கும் கோட்டில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தைந்து வருஷமாகிவிட்டது.

நீ கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாய். என் தங்கையைக் கட்டினாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு என்ன நடந்தது? உனக்கும் தமிழ் தெரியும், கூண்டில் நிற்பவனுக்கும் தமிழ் தெரியும். இருந்தாலும் கோட்டில் இங்கிலீசுதான் செல்லும் என்பதால் நீ இங்கிலீசில் கேட்பாய், நான் அதைத் தமிழில் சொல்வேன். அவன் தமிழில் சொல்வான், நான் இங்கிலீசில் சொல்வேன். வெளியே வந்ததும் ஜனங்கள் "ஐயா என்னமா கேட்டாரு!" என்று உன்னைச் சூழ்ந்துகொள்வார்கள். கேட்ட வாய் என்னுடையது. நான் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

உன் கேள்விகள் சில நேரம் நீண்டுகொண்டே போகும், உனக்கே தெரியும். நான் அவற்றைச் சுருக்கிக் கூர் தீட்டித் தமிழில் எறிவேன். யார் கண்டார்கள் என்று நினைத்தேன். நீ கண்டுகொண்டிருந்தாய்.

அந்தக் கலகெதர வழக்கு நினைவிருக்கிறதா? கடைச் சுவர் ஒன்றின் எல்லைத் தகராறு. எதிர்த்தரப்புச் சாட்சியாக ஒரு முஸ்லிம் பெரியவர் வந்திருந்தார். ஊரில் மதிப்பான வியாபாரி, தலையில் தொப்பி, கையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. அந்தச் சுவர் எந்த வருஷம் எழும்பியது என்பதில் அவருக்குத் தவறியிருக்கலாமா என்று நீ மெதுவாகக் கேட்டாய். நான் அவரைப் பார்த்து, "அப்ப, நீங்க சொன்னது பொய்தானே?" என்றேன்.

அவர் முகம் வெளிறிப் போயிற்று. "அல்லாஹ் மேல சத்தியமா நான் பொய் செல்லல்ல, தம்பி" என்றார். கைக்குட்டையை விரித்து நெற்றியைத் துடைத்தார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் ஒழுங்காக வரவில்லை. வழக்கு உன் பக்கம் தீர்ந்தது.

விறாந்தையில் என்னைத் தனியே கூப்பிட்டாய்.

"மச்சான், நான் அவரப் பொய்க்காரர்னு சொன்னேனா?"

"நீ கேட்டதுக்கு அதுதானே அர்த்தம்?"

"இல்ல. தவறியிருக்கலாமான்னுதான் கேட்டேன். நீ கேட்டது ஒன் கேள்வி. என் எடத்துல நிக்கணும்னு ஒனக்கு ஆச. எனக்குத் தெரியாதாடா? ஆனா அந்த மனுசன் என்ன பாவம் செஞ்சாரு?"

நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். நீ அன்பாகச் சொன்னாய். அதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று மாதம் உன் வீட்டுப் படி ஏறவில்லை. கோட்டில் உன் முகத்தைப் பார்க்காமலே உன் வார்த்தைகளைச் சொன்னேன். பிறகு ஒரு சனிக்கிழமை நீயே என் வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தேத்தண்ணி இல்லையா?" என்றாய். அந்த வழக்கைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த மாதமே மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போனதில் உன்னையும் கொண்டு போயிற்று. மன்னிப்புக் கேட்க எனக்கு நாள் வாய்க்கவில்லை. அந்தப் பெரியவரைத் தேடிக் கலகெதரவுக்குப் போனேன். அவரும் அதே காய்ச்சலில் போய்விட்டார் என்று கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

உன் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வந்து, ரோசலின் அலுமாரியைத் திறந்து உன் கறுப்புக் கோட்டை எடுத்தாள். "ஒருக்காப் போட்டுப் பாருங்கண்ணே" என்றாள். அவள் குசினிக்குப் போன பிறகு போட்டுப் பார்த்தேன். தோளும் கையும் எனக்கென்றே தைத்ததுபோலச் சரியாக இருந்தன. கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்திருக்கக் கூடாதா? கழற்றி மடித்து வைத்துவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன வருஷம் ஒரு வழக்கு வந்தது. நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் வந்திருக்கும்.

வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணி ஒருவரைக் காலை நேரத்தில் யாரோ இரண்டு பேர் கத்தியால் வெட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஓடினவர்கள் அகப்படவில்லை. செல்லம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பிடித்தார்கள். முதல் நாள் அவள் எல்லார் முன்னாலும் கங்காணியைப் பார்த்து, "நாளைக்கு ஒங்களையும் வெட்டுவாங்க" என்று சொன்னாளாம். அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அவளும் அதில் கூட்டு என்பது வழக்கு. பொலிஸ் எழுதிய வாக்குமூலத்திலும் "வெட்டுவாங்க" என்பது கத்தியால் வெட்டுவதாகவே இங்கிலீசில் இருந்தது. அவளுக்காக வந்த பிரக்கிராசி கொழும்பில் வளர்ந்த பையன். தோட்டத் தமிழ் அவனுக்குத் துளியும் தெரியாது.

சாட்சிக்காரி ஒருத்தி அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் இங்கிலீசில் சொல்ல வேண்டிய முறை. வெட்டுவது என்றால் வெட்டுவது. அப்படியே சொல்லிவிட்டு நின்றிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் மச்சான், அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில் விடியலில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்துச் சத்தம் கேட்டுக் கண்விழித்து வளர்ந்தவன் நான். பெயர் போடுவது என்றால் வேலைக்கு எடுப்பது. பெயர் வெட்டுவது என்றால் வேலையிலிருந்து நிறுத்துவது. அங்கே 'அவனை வெட்டிட்டாங்க' என்று சொன்னால், அவன் பெட்டியைக் கட்டுகிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் இரண்டு பொருள் உண்டு" என்று நீதவானிடம் சொன்னேன்.

எதிர்த்தரப்பில் நின்றவர் துள்ளி எழுந்தார். மொழிபெயர்ப்பாளருக்குச் சட்டம் பேச இங்கே இடமில்லை என்றார். இருபத்தைந்து வருஷத்துப் புண்ணில் சரியாக விரலை வைத்தார்.

நீதவான் தலை நிமிராமலே, "சட்டம் பேசச் சொல்லவில்லை, தமிழ் பேசச் சொல்கிறேன்" என்றார்.

அந்த நிமிஷம் என் நாக்கில் எத்தனை கேள்வி வந்து நின்றது தெரியுமா! கங்காணியை எப்படி மடக்கலாம், பொலிஸ்காரரை எங்கே பிடிக்கலாம், எல்லாம் தெரிந்தது. நான் எதையும் கேட்கவில்லை. இரண்டு பொருளையும் சொன்னேன். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது, கேட்டவரிடம் விசாரிக்கலாம் என்றேன். அவ்வளவோடு வாயை மூடிக்கொண்டேன்.

நீதவான் கங்காணியையே கூப்பிட்டார். அதுவரை அந்தப் பேச்சைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. தோளில் கட்டோடு வந்து நின்றார். நீதவான் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"அன்னைக்கு அந்தப் பேச்சு எப்பிடி வந்துச்சுன்னு தொரை கேக்குறாங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ பேர அன்னைக்குத்தான் வெட்டுனாங்க, தொரை. நான்தான் சொல்லி வெட்டுனது. அந்தக் கோவத்துல, 'இன்னைக்கு என்னைய வெட்டுனாங்க, நாளைக்கு ஒங்களையும் வெட்டுவாங்க'ன்னு சொல்லிட்டுப் போனா."

"அத நீங்க எப்பிடி எடுத்துக்கிட்டீங்க?"

"என் பேரையும் வெட்டுவாங்கன்னுதான். அப்ப நான் சிரிச்சேன், தொரை."

செல்லம்மாவை அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

விறாந்தையில் அவள் ஓடி வந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்து, குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் போய் அந்தக் கொழும்புப் பையனின் காலில் விழுந்தாள். "நீங்க நல்லா இருக்கணும் சாமி!" என்றாள். அவன் என்னைப் பார்த்து முகம் சிவந்தான்.

வலித்ததா என்று கேட்பாய். கொஞ்சம் வலித்தது. ஆனால் ஏரிக்கரை முழுவதும் தனியே சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! பிரக்கிராசியாக அங்கே நின்றிருந்தால் நானும் நன்றாகத்தான் வாதாடியிருப்பேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அந்த ஆசை சாகவில்லை, சாகும் என்றும் தோன்றவில்லை. மழை நாளில் பழைய முறிவு வலிப்பதுபோல வரும், போகும். ஆனால் அன்று அந்த இடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருந்தான். நான் முழுவதும் அவனாகவே நின்றேன். அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "என்னண்ணே, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று ரோசலின் கேட்டாள். பசி என்றேன்.

இப்போது கோட்டில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தவர், இலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரியும். மற்றவர் கொழும்பு. பழக்கிவிடும் பொறுப்பு என்னுடையது. "தோட்டத்துச் சனம் கதைக்கிறது எனக்குப் பாதிதான் விளங்குது, ஐயா" என்று யாழ்ப்பாணத்தவர் உண்மையைச் சொன்னார். அதற்குப் புத்தகம் கிடையாது. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் வத்தேகமச் சந்தைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். பேச வேண்டாம், காய்கறி வாங்குவதுபோலச் சுற்றி, சனம் பேசுவதைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மச்சான், தினமும் சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போவேன் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் பிலோ என்ன படிக்க ஆசைப்பட்டாலும், அவள் ரயில் ஏறும் நாளில் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதோடு நிற்கமாட்டேன். கூடவே ஏறிப் போய் அவளை அங்கே சேர்த்துவிட்டுத்தான் திரும்புவேன். இது சத்தியம்.

உன் ரோசலினின் அண்ணன், உன் பிலோவின் மாமா, என்றைக்கும் உன் மச்சான்,
சவரிமுத்து