தாசில்தார் வாயைத் திறக்கவில்லை

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. கேஸ் சொல்லி வைத்தும் வரவில்லை. தையல்காரர் ரவிக்கைக்கு மறுபடியும் "நாளைக்கு வாங்கம்மா". தீபாவளிக்குள் கிடைத்தால் அதிசயம்.

காலையில் விசாகப்பட்டினத்திலிருந்து அவர் போன். ஆபீஸ் வேலை முடிந்து வர சனிக்கிழமை ஆகுமாம். நான் பேசிவிட்டு நந்தினியிடம் கொடுத்தேன். ரிசீவரைக் கையால் மறைத்துக்கொண்டு, "அப்பா, தாசில்தார் நேத்திலேருந்து ஒண்ணுமே சாப்பிடலப்பா" என்றாள். எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரே வீடு. முயல் கூடு சமையலறைக்குப் பின்னால், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நான் புழங்கும் இடத்தில். நான் கவனிக்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

பேர் வைத்தது அவர். முன்னங்கால்களை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, 'மனு கொடுத்தால் பார்க்கலாம்' என்பதுபோல் உட்காருமாம். ந.வின் அம்மா இறந்த மாதம் மூர் மார்க்கெட் பக்கத்தில் வாங்கி வந்தது. மூன்று வருஷம் ஆகிறது. எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்து எட்டு மாதம். சீனியாரிட்டி அதற்குத்தான்.

போய்ப் பார்த்தேன். மூலையில் குன்றிக்கொண்டு. கொத்தமல்லி போட்டது போட்டபடி. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். காதைத் தொடக் கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்கோ." பின்னாலிருந்து ந. "அவனுக்குப் பழக்கமில்லை."

என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நீங்க' மட்டும். பதினொரு வயதுக்கு அது பெரிய சாமர்த்தியம்.

நவம்பர் 5, செவ்வாய்

ஸ்கூல் மழை லீவு. நல்லதாகப் போயிற்று. லைப்ரரி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, அடையாறில் நாய் பூனை பார்க்கிற டாக்டரிடம். காய்கறிக் கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து. லஸ்ஸில் ஆட்டோ கிடைப்பதற்குள் இரண்டு பேரும் தொப்பல்.

ஆட்டோக்காரர்: "கூடைல இன்னாமா கீது?"

"முயல்."

"கறிக்கா?"

ந.வின் முகம் போன போக்கைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "சும்மா கேட்டேன் பாப்பா, அழாத. இன்னா அதுக்கு?"

"சாப்பிட மாட்டேங்கறது" என்றேன்.

"அய்ய. கெட்டியா புட்சிக்கினு குந்துங்க." அதற்கப்புறம் மந்தைவெளியில் ஒரு பள்ளத்தையும் அவர் மதிக்கவில்லை.

டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் உள்பக்கமாக வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருக்கிறது. சீழ். வலியில் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் வயிறு நின்றுவிட்டது. "பல்லை இப்ப ராவ முடியாது. மயக்க மருந்தைத் தாங்காது. முதல்ல வயிறு வேலை செய்யணும்." ஒரு ஊசி போட்டார். ரோஸ் கலரில் ஒரு மருந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் காலை மாலை. கூடவே புல்லையும் பூசணிக்காயையும் கூழாக அரைத்து அதே மாதிரி விட வேண்டும்.

"நாய் நாலு நாள் பட்டினி கெடந்துட்டு எழுந்து ஓடும். முயல் அப்படி இல்லம்மா. உள்ள ஏதாவது போயே ஆகணும். மல்லாக்கப் போடாதீங்க, புரையேறிடும். இறுக்கமா பிடிங்க, ஆனா அழுத்தாதீங்க. பின்னங்காலை வேகமா உதைச்சா தன் முதுகெலும்பைத் தானே ஒடிச்சுக்கும்."

அழுத்தாமல் எப்படி இறுக்கமாகப் பிடிப்பது? கேட்பதற்குள் அடுத்து ஒரு அல்சேஷன் உள்ளே வந்துவிட்டது.

மாலை. ந. முயலைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வெளியே. மக் விழுகிற சத்தம். தரையில் நகம் வழுக்குகிற சத்தம். "ப்ளீஸ்டா, ப்ளீஸ்டா." வெளியே வந்தபோது கவுன் முழுக்க ரோஸ்.

"உள்ளே போச்சா?"

"போச்சு."

"கூழ்?"

"அதுவும் போச்சு."

நவம்பர் 6, புதன்

காலை மருந்தும் தாழ்ப்பாளுக்குப் பின்னால்தான். அதுவும் "போச்சு". ஸ்கூல் உண்டு, போய்விட்டாள்.

பாத்ரூம் கழுவப் போனேன். ஜலதாரை வலையில் பச்சைக் கூழ் அடைத்துக்கொண்டிருந்தது. மருந்து ஓரம் முழுக்க ரோஸாக வழிந்து காய்ந்திருந்தது. நேற்றையது, இன்றையது, எல்லாம். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை.

கோபம் வந்தது. பொய் சொல்லும் பெண் இல்லை அவள், என்னிடம் பேசுவதே நாலு வார்த்தைதான். பிறகு கோபம் போய் பயம். நாலாவது நாள் பட்டினி. கூட்டில் புழுக்கை ஒன்றுகூட இல்லை. லைப்ரரிக்கு போன் பண்ணி லீவு சொன்னேன்.

தனியாக உட்கார்ந்தேன். துண்டில் சுற்றினேன். பிடியைத் தளர்த்தினால் நழுவுகிறது. இறுக்கினால் அந்தக் கால்கள் எம்புகின்றன, டாக்டர் சொன்ன முதுகெலும்பு என் உள்ளங்கையில் வில்லாக வளைகிறது. வாய் ஆணி அடித்தாற்போல் மூடியிருக்கிறது. முன்பல்லுக்குப் பக்கத்து இடைவெளியில் சிரிஞ்சை நுழைத்து அழுத்தினேன். வேகமாக அழுத்திவிட்டேன். ஒரு இருமல். மூக்கு வழியாக ரோஸ் நுரை. தலை பின்னால் சாய்ந்து, கண் வெள்ளையாக.

போய்விட்டது என்றே நினைத்தேன். என் கையில். அவள் ஸ்கூலில் இருக்கும்போது. யார் நம்புவார்கள்? தலையைக் கீழே சரித்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், "வேண்டாம் வேண்டாம்" என்று எனக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு. ஒரு தும்மல். மூச்சு வந்தது. வந்ததும் என் ஆள்காட்டி விரலைக் கடித்தது பாருங்கள், எலும்பு வரைக்கும்.

கச்சேரி ரோடு டாக்டரிடம் டி.டி. ஊசி, கட்டு. எழுதுவதற்கே வலிக்கிறது.

வாங்க: பஞ்சு. சீரகம். நல்லெண்ணெய். சிரிஞ்சு இன்னும் இரண்டு. பூசணி ஒரு கீற்று.

மாலை. ந. புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை, கட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"காய் நறுக்கறச்சே."

"கடிச்சானா?"

தலையாட்டினேன். "பாதி மருந்து போச்சு. புரையேறிடுத்து. இப்போ பரவாயில்லை. நந்தினி, பாத்ரூம் கழுவினேன்."

முகம் வெளுத்துவிட்டது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அவன் வேண்டாங்கறான். தலையைத் திருப்பித் திருப்பி வேண்டாங்கறான். அமுக்கிப் பிடிச்சு எப்படி விடறது? அம்மாவுக்கு அப்படித்தான் பண்ணினா. அப்பா தோளைப் பிடிச்சுண்டார், அத்தை வாயைத் திறந்தா. அம்மா வேண்டாம் வேண்டாம்னா. தலகாணியெல்லாம் வழிஞ்சுது. அப்படியும் செத்துத்தானே போனா."

"நீ எங்கே இருந்தே?"

"கதவுகிட்ட."

"அவனுக்குப் பல்லுதான்டி. வயிறு வேலை செஞ்சா பொழைச்சுப்பான்னு டாக்டர் சொல்றார். எனக்கு நிச்சயமாத் தெரியாது. ஆனா இப்படியே விட்டா இருக்கமாட்டான். அது மட்டும் நிச்சயம்" என்றேன். 'டி' தானாக வந்துவிட்டது.

புத்தகப் பையைக் கழற்றி வைத்தாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீங்க பிடிச்சுக்கோங்கோ. நான் விடறேன். அவன் கண்ணை மறைச்சுக்கோங்கோ."

தரையில் உட்கார்ந்தோம். துண்டோடு மார்பில் அணைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட கையால் கண்ணை மூடினேன். அவன் நெஞ்சு என் புடவைக்குள் அடிப்பதுபோல் அடித்தது. ஒரு உதை. நான் அழுத்தவில்லை, கூடவே எழும்பி கூடவே அடங்கினேன். ந. ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். தொண்டை அசைந்தது.

"முழுங்கறான்" என்றாள், மூச்சே விடாமல்.

இன்னொரு சொட்டு.

நவம்பர் 7, வியாழன்

இரண்டு வேளையும் போனது. பெரும்பாலும். கூழ் என் தோளில் கொஞ்சம், ந. தலையில் கொஞ்சம். புழுக்கை இல்லை. வயிறு கல்லாக இருக்கிறது. ரவிக்கை வந்துவிட்டது, கை இறுக்கம்.

நவம்பர் 8, வெள்ளி

மழை விட்டது, வெடி ஆரம்பித்துவிட்டது. மருந்து பாதி போய்க்கொண்டிருக்கும்போது கீழ் வீட்டுப் பையன்கள் ஒரு அணுகுண்டைக் கொளுத்தினார்கள். தாசில்தார் துண்டிலிருந்து பாய்ந்து பீரோவுக்கு அடியில். சுவரோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றான். ந. கீழே போய், "எங்காத்துல உடம்பு சரியில்லை, மைதானத்துல போய் வெடிங்கோ" என்று கத்திவிட்டு வந்தாள். யாருக்கு உடம்பு என்று சொல்லவில்லை.

டாக்டருக்கு போன். "நாளைக்குள்ள புழுக்கை போடலேன்னா தூக்கிட்டு வாங்க. ஆனா நம்பிக்கை குடுக்க முடியாதும்மா." இதை ந.விடம் சொல்லவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்தே கேட்கவில்லை.

ஆதம்பாக்கத்திலிருந்து என் அம்மா போன். "சனிக்கிழமை சாயங்காலமே வந்துடுங்கோ. தலைதீபாவளி."

"வர முடியாதும்மா. முயலுக்கு மருந்து கொடுக்கணும்."

"என்னடி, முயலா? முப்பத்தாறு வயசுல கல்யாணமாகி வர முதல் தீபாவளி. அந்தப் பொண்ணு வரமாட்டேன்னுதா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் வரலேங்கறேன்."

அம்மா போனை வைத்துவிட்டாள். திரும்பினால் ந. பீரோ பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள், ஒரு கையை அடியில் நீட்டியபடி.

நவம்பர் 9, சனி

அவர் வரும் ரயில் தாமதம். காலை மருந்து ஆயிற்று. மாற்றமில்லை. ந. மடியில் வைத்து வயிற்றை நீவிக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் போகக் கூடையை எடுத்து வைத்தேன். போவதற்குள் தீபாவளி உக்காரைக்கு அரைத்து வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன்.

"வாங்கோ! ஓடி வாங்கோ!"

கரண்டியை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஹாலுக்கு ஓடும்போது அந்த வெள்ளைக் கண்தான் ஞாபகம் வந்தது. ந. உள்ளங்கையை நீட்டினாள். மிளகு மாதிரி நாலைந்து புழுக்கை. இன்னும் சூடு போகாமல்.

இரண்டு பேரும் சிரிக்கிறோமா அழுகிறோமா தெரியவில்லை. அவர் பெட்டியோடு வாசலில். "என்ன, என்னாச்சு?" ந. கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். தாசில்தார் ஒரு கொத்தமல்லி இலையை முகர்ந்து, யோசித்து, வலது பக்கம் படாமல் இடது பக்கமாக மெல்ல ஆரம்பித்தான்.

மத்தியானம் அவரிடம் சொன்னேன். ந. அன்றைக்குக் கதவுகிட்ட நின்றதை. சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். "பக்கத்தாத்துல விட்டிருந்தோமே. எப்போ வந்தா? எங்க யாருக்கும் தெரியாதே." பிறகு கையைக் கழுவிக்கொண்டு பால்கனிக்கு, ந.விடம் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன பேசினார்களோ. வெளியே வந்தபோது இரண்டு பேர் மூக்கும் சிவந்திருந்தது. நான் பாத்திரம் தேய்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு. தீபாவளி.

விடியுமுன்பே தெரு முழுக்க வெடி. ஸ்டோர் ரூம் ஜன்னல் இடுக்கில் பழைய புடவைகளை அடைத்து, தாசில்தார் அங்கே. கன்னத்தில் வீக்கம் அப்படியே. இன்னும் தெம்பு வந்ததும் பல் ராவ வேண்டும். மயக்க மருந்து. அம்மாவும் அப்பாவும் மத்தியானம் இங்கேயே வருகிறார்களாம், பட்சணத் தூக்கோடு. கோபம் தீரவில்லையாம், அது வேறு.

எண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தில் வைத்தேன். அவர் மணையைப் போட்டு ந.வைக் கூப்பிட்டார். இத்தனை தீபாவளியும் அவர்தான் வைத்துவிடுவாராம். ந. வந்து உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தாள். அவர் கிண்ணத்தை எடுக்கப் போனபோது என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வைங்கோ."

வலது கையில் கட்டு. இடது கையால் வைத்தேன். சரியாகப் பரவவில்லை, நெற்றியில் வழிந்து புருவத்தில் இறங்கியது. துடைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.