மூன்று வரிகளை வாசிக்காமல் விட்டோம், ஸ்டெல்லா அக்கா

என் உயிரான ஸ்டெல்லா அக்கா,

உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்து ஏழு மாதமாகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுத என் கை வரவில்லை. இன்று எழுதுவது ஆறுதலுக்காக இல்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கை நேற்று உடைத்துவிட்டேன். அதை உங்களிடம் நான்தானே சொல்ல வேண்டும்?

உங்கள் தங்கை ரீட்டாவுக்கும் வந்துவிட்டது, அக்கா. உங்களுக்கு வந்த அதே மார்பகப் புற்றுநோய். ஒப்பரேஷன், கீமோ, கரண்ட் பிடித்தல் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, உங்களுக்குத் தந்த, தினம் விழுங்கும் அதே குளிசையைத் தந்திருக்கிறார்கள். அவ அதைத் தொட மாட்டாவாம். "அக்காவக் காப்பாத்தாத குளிச என்னைய மட்டும் காப்பாத்துமா?" என்று கேட்கிறா. உங்கள் கணவர் ஜோசப் அண்ணனும், "என் மனுசி ஒரு நாள் தவறாம குடிச்சா, என்னா பிரயோசனம்?" என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீங்கள் குடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏன் குடிக்கவில்லை என்பதும்.

நாங்கள் இருவரும் அறிமுகமானது அந்தக் கிளினிக்கில், உட்காரும் மர வாங்கில்தானே. விடியமுன் வந்து, வைத்தியக் குறிப்பெழுதும் கிளினிக் கொப்பியை வாங்கில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்கும் இடம். உங்கள் கொப்பிக்குப் பின்னால் என் கொப்பி. வெள்ளவத்தையிலிருந்து நான், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அழுதுகொண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து நீங்கள், சீனிச்சம்பல் வைத்த பாணோடு. "அழுதா நம்பர் முன்னுக்கு வராது புள்ள, சாப்பிடு" என்றீர்கள். முடி கொட்டியபோது என் தலையைத் தடவிப் பார்த்து, "யாழ்ப்பாணத்து மொட்ட, சும்மாவா? என் மொட்டய விட வடிவு" என்று வார்ட்டையே சிரிக்க வைத்தீர்கள். அங்கிருந்த நேர்ஸ் மிஸ்மார் எங்களை அக்கா தங்கை என்றே நினைத்தார்கள்.

ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஞாபகமா? இருவருக்கும் இடது பக்கம். கட்டியின் அளவு கிட்டத்தட்ட ஒன்று. அக்குளில் ஆளுக்கொரு நெறிக்கட்டு. "ரெட்டப் புள்ளைங்கடி நாம" என்று நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. கட்டியில் வெட்டியெடுத்த துண்டை லாபில் சாயமேற்றிப் பார்த்த மூன்று சோதனைகளின் முடிவு. உங்களுடையதில் ஹோமோனுக்குரிய முதல் இரண்டும் பொசிட்டிவ். என்னுடையதில் மூன்றும் நெகட்டிவ். பட்டம் படித்தவள் நான். அந்த மூன்று வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்கவில்லை. நெகட்டிவ் என்றால் நல்லதுதானே என்று நினைத்துக் கொப்பியை மூடினேன்.

வைத்தியமெல்லாம் முடிந்தபோது உங்களுக்கு வருடக்கணக்கில் குளிசை. எனக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதத்துக்கொருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் என்னைப் பார்த்து ஏங்கினீர்கள்.

அந்த நாளை நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். உங்களுக்கு உடம்பு திடீரென்று கொதித்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. விரல் மூட்டுகள் வீங்கி, வேலை செய்யும் கந்தோரில் டைப் பண்ண முடியவில்லை என்றீர்கள்.

"இந்தக் குளிச என்னையக் கொல்லுது புள்ள. உனக்கு ஒன்னுமே தரல. நல்லாத்தானே இரிக்கிற?"

"ஓம் அக்கா. எனக்குத் தராமலே சரிவந்திட்டுது. உங்களுக்கு மட்டும் ஏனெண்டு விளங்கேல்ல. கொஞ்ச நாளைக்கு விட்டுப் பாருங்கோவன்."

அவ்வளவுதான் சொன்னேன். பஸ் வந்தது. நீங்கள் ஏறினீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேலாகி, புதிதாக வந்த ஒரு டொக்டரிடம்தான் முதல்முறை கேட்டேன், எனக்கு ஏன் குளிசை இல்லை என்று. அவர் தாளில் படம் கீறிக் காட்டினார். சிலருடைய கட்டி உடம்பிலுள்ள ஹோமோனைத் தின்று வளர்கிறது. அந்தச் சாப்பாட்டைத் தடுக்கத்தான் குளிசை. இன்னும் சிலருடையது வேறொரு புரதத்தால் வளர்கிறது, அதற்கு ஊசி இருக்கிறது. என்னுடையது இந்த இரண்டுமில்லை. "உங்களுக்குக் குளிசை தேவையில்லை என்று விடவில்லை, அது உங்கள் கட்டியில் வேலை செய்யாது. அதனால்தான் தரவில்லை" என்றார். பெயர் ஒன்று, உள்ளே நோய் வேறு வேறாம். ஒரே வாங்கில், ஒரே நாளில், ஒரே அளவுக் கட்டியோடு இருந்தாலும்.

எனக்கு இல்லாத மருந்து உங்களுக்கு இருந்தது, அக்கா. அதைத்தான் உங்களை விடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே உங்களுக்கு ஃபோன் பண்ணினேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டீர்கள். பிறகு, "நான் அன்னைக்கே விட்டுட்டேன் புள்ள. இப்ப இடுப்பு நோவுது" என்றீர்கள். மாதாமாதம் குளிசையை எடுத்துவந்து அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். கொப்பியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எலும்புக்குப் போய்விட்டது என்று ஸ்கேன் சொன்ன அன்று, அந்தப் பையை எடுத்துவந்து என்னிடம் தந்தீர்கள். "எங்கயாவது வீசிரு. ஜோசப்புக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அந்த மனுசன் உடைஞ்சிருவாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வீசியும் விட்டேன். ஒரு அட்டையைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

தொடர்ந்து குடித்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? டொக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, குடித்தவர்களுக்கும் சிலவேளை திரும்பி வருகிறது என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் வாயை மூடியிருந்தேன். ரீட்டா தன் ரிப்போர்ட்டை எனக்கு வட்ஸப்பில் அனுப்பும்வரை. இந்தமுறை கடைசி மூன்று வரிகளைத்தான் முதலில் வாசித்தேன். அக்கா தங்கை என்பதற்காக ஒரே வகையாய் இருக்க வேண்டுமென்றில்லையாம். ஆனால் இருக்கிறது. முதல் இரண்டும் பொசிட்டிவ்.

அதனால்தான் நேற்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரீட்டா அரிசி கழுவிக்கொண்டு நின்றா. எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிய தண்ணீர் வழிந்து போய்க்கொண்டேயிருந்தது, அவ குழாயைப் பூட்டவில்லை.

"அக்கா குடிக்கலன்னா, அந்தக் குளிச எல்லாம் எங்க?"

"என்னட்டத் தந்தவ. நான் எறிஞ்சிட்டன்."

"நல்ல கத. செத்துப்போனவளப் பொய்க்காரி ஆக்க வந்தீங்களா? வெள்ளவத்தையில இருந்து பஸ் ஏறி இதுக்கா வந்தீங்க?"

"ரீட்டா, விடச் சொன்னதே நான்தான். பொய் சொல்லுறதெண்டால் என்னிலயே பழி போட்டுச் சொல்லுவனே?"

அவ என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்? அடிக்கப் போகிறா என்றே நினைத்தேன். அடித்திருக்கலாம். கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, "போயிருங்க. ஜோசப் அத்தான் வேலையால வாறதுக்குள்ள போயிருங்க" என்றா. அவ நம்பினாவா, நம்பவில்லையா? நம்பினாலும், நான் சொன்னேன் என்பதற்காகவே குடிக்காமல் விட்டுவிடுவாவோ? ஒருமுறை என் வாயை நம்பித்தானே இந்தக் குடும்பம் ஒரு உயிரைக் கொடுத்தது.

நீங்கள் அவவின் கனவிலாவது ஒருதரம் வரக்கூடாதா, அக்கா? ஒரே ஒரு வார்த்தை, "அவ சொன்னது மெய்தான்" என்று. கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்குப் பொறுத்திருக்கவும் நேரமில்லை. என் வகை திரும்பி வந்தால் முதல் சில வருடங்களுக்குள்தான் கூடுதலாக வருமாம். இருமினால் பயம், முதுகு பிடித்தால் பயம். மகளுக்குத் தலை பின்னும்போதுகூட, அடுத்த வருடம் இதை யார் பின்னுவார்கள் என்று கை நின்றுபோகிறது. எனக்கு ஏதும் ஆனால் உங்கள் உண்மை என்னோடு போய்விடும். அதற்காகத்தான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் யாராவது வாசித்து, ரீட்டாவின் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஜோசப் அண்ணன் வீட்டில் இருப்பார். போய், அவர் முகத்தைப் பார்த்து, "ஸ்டெல்லா அக்காவின் குளிசையை நிற்பாட்டியது நான்" என்று சொல்வேன். நீங்கள் பயந்ததுபோல அவர் உடைந்துபோகலாம். என்னை மன்னிக்காமலே இருக்கலாம். கதவைச் சாத்தினால் படியில் நின்று சொல்வேன், அடுத்த ஞாயிறும் வருவேன். ரீட்டா என்னை வெறுத்துக்கொண்டே அந்தக் குளிசையை விழுங்கினால் எனக்கு அது போதும்.

உங்களுக்குச் செய்த சத்தியத்தை உடைத்தவள்,
இன்னமும் உங்கள் தங்கை,
சுபா