மவுஸைத் தொடாத ஸ்டெல்லா

21-8-2006, திங்கள்

எனக்கு வரும் என்று நினைத்திருந்த டீம் லீடர் பதவி போன வாரம் ஸ்டெல்லாவுக்குப் போய்விட்டது. இன்று குரோம்பேட்டை ஆபீஸில் பில்லிங் புரோகிராம் நின்றுபோனபோது, அந்தக் கோபத்தோடுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் மவுஸைத் தொடவே இல்லை. அவள் புரோகிராம் எழுதும் எடிட்டரில் எழுதும் நிலை வேறு, நகரும் நிலை வேறு. நகரும்போது j அழுத்தினால் கர்சர் கீழே இறங்கும், k அழுத்தினால் மேலே ஏறும், w அடுத்த சொல்லுக்குத் தாவும். பெரிய G ஒரே தாவலில் ஃபைலின் கடைசிக்கே போய்விடும். அத்தனை பெரிய புரோகிராமுக்குள் அவள் சொந்த வீட்டு மாடிப்படியில் போவதுபோல ஏறி இறங்கினாள். தப்பான வரியில் போய் நின்றாள். திருத்தினாள். பில் ஓட ஆரம்பித்தது. அழகு என்றால் அதுதான் அழகு.

“எப்படி ஸ்டெல்லா இவ்ளோ வேகமா போற?” என்று கேட்டே விட்டேன்.

“நீயும் பழகுப்பா. ஒரு வாரம் பேஜாரா இருக்கும். அப்புறம் மவுஸே புடிக்காது.”

மதியம் முழுக்கப் பழகினேன். அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்ததும், என்னை வேறு டீமுக்கு மாற்றச் சொல்லி மேனேஜருக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தேன். கடைசி வரிக்கு இறங்க மதியப் பழக்கத்தில் j அழுத்தினால், மெயிலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் jjjj என்று விழுந்திருக்கிறது. அழித்தேன். மறுபடியும் jj.

சிரிப்பு வந்துவிட்டது. மெயிலை அனுப்பாமல் மூடிவிட்டேன். ஒரு சொல் பின்னால் போக எதை அழுத்த வேண்டும் என்று நாளைக்கு அவளிடமே கேட்க வேண்டும்.