மீன் போட்ட கொம்பு

ஜனக்புரி,
4.11.2024

கொம்பு முளைத்த என் ப்ரீதா அக்காவுக்கு,

போன் இல்லாமலும் உன் தம்பி உயிரோடுதான் இருக்கிறான். பிரின்ஸிபால் குரலில் "நாளை விடுமுறை" என்று நாற்பது அப்பாக்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினதற்குத் தண்டனை. போன் பீரோவில், சாவி அம்மா புடவையில், நான் தபால் க்யூவில். "அரே, கடிதமா!" என்று கவுண்டர் பையா சிரிக்கிறார்.

தீபாவளி லீவில் கரோல் பாக் பித்தளைக் கடையில் வாங்கி இங்கே விட்டுப்போனாயே, அந்தக் காலத்துச் சிப்பாய் துப்பாக்கி மருந்து அடைத்துத் தொங்கவிட்ட கொம்பு, அதை நீ கேட்டபடி அளந்தேன். எருமைக் கொம்பு, பதினோரு அங்குலம். அகலப் பக்கம் மரமூடி, எட்டு ஆணி. குறுகின வாயில் ஸ்பிரிங் மூடி, அமுக்கினால் 'டிக்'. வார் மாட்ட ரெண்டு வளையம். ஒன்று பித்தளை, ஒன்று இரும்பு. ஜோடிப் பொருத்தம் சரியில்லை.

அப்புறம், வாய்க்குக் கீழே கட்டைவிரல் அளவு மீன் செதுக்கியிருக்கிறது! மேலே இருந்த அழுக்கு தானாக உதிர்ந்ததும் தெரிந்தது. அதன்மேல் வைத்துப் பென்சில் தேய்த்து எடுத்த தாள் இந்தக் கவருக்குள்ளே.

உன் வாலு,
மதன்

பரோடா,
9.11.2024

டேய் மதன்,

தாளைப் பிரித்ததும் நான் போட்ட கத்தலில் வார்டனே ஓடிவந்துவிட்டார். ஆய்வுக்காக இதுவரை அறுபத்து மூன்று கொம்பு பார்த்திருக்கிறேன். பூ, மான், சிங்க முகம் எல்லாம் உண்டு. மீன் ஒன்றில்கூட இல்லை. என் வழிகாட்டி வத்சலா மேடம், சிரிக்கவே தெரியாதவர், தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதையே மையமா வச்சுக்கோ" என்றார். 22ஆம் தேதி கருத்தரங்கில் பேசப் பெயர் கொடுத்தாயிற்று. நன்றியில் உன் பெயரும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து உருப்படியாக நீ செய்த ஒரே காரியம்!

கொம்பை இனித் தொடாதே. துணியால்கூடத் துடைக்காதே. அழுக்கும் எனக்குச் சாட்சி.

அக்கா

ஜனக்புரி,
13.11.2024

அக்கா,

நன்றியில் என் பெயர் என்று படித்ததும் உடனே இதை எழுத உட்கார்ந்தேன். மீன் நான் போட்டது. காம்பஸ் முனையில் கீறி, டீத் தண்ணீர் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்தேன். ரெண்டு நாள் நீ குதித்ததும் "ஏமாந்தியா" என்று எழுதலாம் என்றிருந்தேன். மேடம், கருத்தரங்கு எதுவும் என் மண்டைக்கு வரவில்லை, சத்தியமாக.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த இடம் சொரசொரப்பாக இருந்ததால் காம்பஸ் நிற்கவில்லை. அதனால் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அழுக்குக்கு அடியில் புள்ளிகள் இருந்தன. பூச்சி அரித்தது என்று நினைத்து மழமழவென்று ஆகும்வரை தேய்த்துவிட்டேன். உன் கடிதம் படித்த பிறகுதான் உறைத்தது: பூச்சி வரிசை பிடித்தா அரிக்கும்?

திட்டு. என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஜல்தி எழுது.

மதன்

பரோடா,
18.11.2024

மதன்,

அம்மா போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன், அதனால் தபால்.

மீனைப் பற்றிப் படித்தபோது கோபம் வந்தது. புள்ளிகளைப் பற்றிப் படித்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பார்த்த எந்தக் கொம்பிலும் இல்லாதது அந்தப் புள்ளிகள்தான். யார் போட்டது, எதற்கு, இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. நான் பார்க்கக்கூட இல்லை.

கருத்தரங்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். மேடம் அந்தத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழம்பொருள் சேதமானால் நாங்கள் நிரப்பும் படிவம் இத்துடன் இருக்கிறது. நமக்குப் பிறகும் அந்தக் கொம்போடு இதுதான் போகும். புள்ளிகளைப் பார்த்த ஒரே ஆள் நீ. நீயே எழுது. ஒரு கிண்டல் இருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.

ப்ரீதா

ஜனக்புரி,
23.11.2024

பொருள்: வெடிமருந்துக் கொம்பு.

சேதமான இடம்: வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே.

முன்பு இருந்தது: குத்தின புள்ளிகள், இரண்டு வரிசை. மேலே ஏழு. கீழே ஐந்தா ஆறா தெரியவில்லை. கண்ணை மூடி மூடி எண்ணிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. மேலே ஏழு என்பது நிச்சயம். ஏழாவது மட்டும் கொஞ்சம் பெரிது.

இப்போது இருப்பது: மீன். போலி.

காரணம்: விளையாட்டு.

சேதம் செய்தவர்: மதன், வயது பதினாறு.

உரிமையாளருக்கு என்ன உறவு: தம்பி என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இதை நீதான் நிரப்ப வேண்டும்.